சாட்டுச் சொல்வதும் சாட்டில் செய்வதும்: 'பிரிடெக்ஸ்ட்' என்ற சொல்லின் பொருள்

ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை கூடும் மாதங்களில் யாழ்ப்பாணத்துச் செய்தி மேசைகளுக்கு ஆங்கில அறிக்கைகள் கட்டுக்கட்டாக வந்து சேரும். அவற்றில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் ஒரு சொல் 'பிரிடெக்ஸ்ட்' (pretext): உண்மையான நோக்கத்தை மறைக்க வெளியே காட்டும் காரணம். நேர நெருக்கடியில் தமிழாக்குபவர் கைக்கு எட்டிய முதல் சொல்லை எடுத்து வைக்கிறார். பெரும்பாலும் அது 'காரணம்'. அதனால் என்ன ஆகிறது என்பதை ஒரு மாதிரி வசனத்தில் பார்க்கலாம்.

"பாதுகாப்பைப் பிரிடெக்ஸ்டாகக் காட்டிப் பொதுக்கூட்டம் தடுக்கப்பட்டது" என்று ஆங்கில அறிக்கை சொல்வதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் தமிழில் "பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பொதுக்கூட்டம் தடுக்கப்பட்டது" என்று அச்சாகிறது. ஆங்கிலத்தில் எழுதியவர் தடுத்தவர்களின் பேச்சை நம்பவில்லை. தமிழில் வாசிப்பவரோ தடுத்தவர்களின் பேச்சையே செய்தியாக வாசிக்கிறார். குற்றம் சுமத்த வந்த வசனம், குற்றம் சுமத்தப்பட்டவருக்காகச் சமாதானம் சொல்லத் தொடங்கிவிட்டது. இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால் ஒப்புநோக்குபவர் கண்ணிலும் இது படாது.

சொல் பிறந்த தறி

இந்தச் சொல்லின் ஊர் இலத்தீன். 'ப்ரே' என்றால் முன். 'டெக்ஸெரே' என்றால் நெய்தல். முன்னே நெய்து தொங்கவிட்டது என்பது சொல்லின் நேர்ப்பொருள். துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டெக்ஸ்டைல்', எழுத்துக்கு வழங்கும் 'டெக்ஸ்ட்', சூழமைவுக்கு வழங்கும் 'கொன்டெக்ஸ்ட்' எல்லாம் அதே தறியில் இறங்கியவைதாம். உரோமாபுரியில் உயர் அரச பதவியாளர்களும் அடிமையல்லாத குடிமக்களின் சிறுவர்களும் அணிந்த ஊதாக்கரை வைத்த மேலாடைக்கு 'டோகா ப்ரேடெக்ஸ்டா' என்று பெயர். அங்கே கரை அழகுக்கும் அந்தஸ்துக்கும். பிரிடெக்ஸ்டில் அந்தத் துணி மறைப்புக்கு வந்துவிட்டது.

நெசவையும் எழுத்தையும் ஒன்றாகப் பார்ப்பது தமிழருக்குப் புதிதும் இல்லை. நூல் என்ற சொல் நமக்கு இழையையும் புத்தகத்தையும் குறிக்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் நூல் நூற்பதையும் நூல் எழுதுவதையும் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டுக் காட்டுகிறார். ஆகவே 'முன்னே நெய்த மறைப்பு' என்ற உருவகத்தைப் பிடிக்க யாழ்ப்பாணத்தவருக்கு உரோமாபுரி வரை போகத் தேவையில்லை. பின்னிய தென்னோலைக் கிடுகை வரிந்து கட்டிய வேலி போதும்: தெருவில் போகிறவருக்குக் கிடுகு தெரியும், முற்றம் தெரியாது.

எங்கள் சொல்: சாட்டு

தமிழ்நாட்டில் சாக்கு, சாக்குப்போக்கு என்று வழங்குவதை இங்கே சாட்டு என்கிறோம். சாட்டுதல் என்றால் சுமத்துதல். குற்றச்சாட்டு, பழிசாட்டுதல் என்பவற்றில் இருப்பதும் இதே சொல்தான். தன் தலையில் இருக்க வேண்டிய சுமையை இன்னொன்றின் தலையில் இறக்கி வைப்பது சாட்டு. இலத்தீன்காரர் திரை கட்டினார், நாம் சுமை மாற்றுகிறோம்.

இந்த உருவக வேறுபாட்டால் சாட்டு என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. அவற்றைப் பிரித்துக் காட்டுவது வேற்றுமை உருபு.

1. "பிந்தி வந்ததற்குப் பஸ்ஸைச் சாட்டுச் சொன்னான்." காரியம் நடந்து முடிந்துவிட்டது. கேள்வி எழுந்த பிறகு பதில் தேடப்படுகிறது. ஆங்கிலத்தில் இது 'எக்ஸ்கியூஸ்'.

2. "கோயிலுக்குப் போகிற சாட்டில் அவளைப் பார்த்துவிட்டு வந்தான்." இங்கே எவரும் எதையும் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவதற்கென்று கோயில் முன்கூட்டியே தயார். இதுதான் பிரிடெக்ஸ்ட்.

சாட்டுச் சொன்னால் எக்ஸ்கியூஸ், சாட்டில் செய்தால் பிரிடெக்ஸ்ட். அகராதிகள் இரண்டுக்கும் 'சாக்குப்போக்கு' என்று ஒரே பொருளைத் தந்துவிட்டுப் போகும் இடத்தில் பேச்சுவழக்கு ஓர் 'இல்' உருபை வைத்துக்கொண்டு சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறது.

பொய் எந்த இடத்தில் இருக்கிறது?

பிரிடெக்ஸ்ட் என்றால் 'பொய்க் காரணம்' என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொண்டவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு வளவுகளுக்கு நடுவே பழைய வேலி. கிடுகைக் கறையான் தின்றுவிட்டது. வேலிக்கு நட்ட கிளுவங் கம்புகளான கதியால்களில் பாதி பட்டுப்போய்ச் சாய்ந்து நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் கொழும்பில் மகளோடு இருக்கிறார். இந்தப் பக்கத்துக்காரர் ஆளைப் பிடித்து வேலி அடைக்கிறார். புதுக் கதியால் நடும் குழிகள் மட்டும் பழைய குழிகளிலிருந்து ஒரு முழம் தள்ளி அந்தப் பக்கத்து மண்ணில் தோண்டப்படுகின்றன. கேட்டால், "வேலி விழுந்து கிடந்தது, மாடு உள்ளே வந்தது, அடைத்தேன்" என்கிறார்.

அவர் சொன்னதில் எது பொய்? வேலி விழுந்து கிடந்தது உண்மை. மாடு வந்தது உண்மை. அடைக்க வேண்டியிருந்ததும் உண்மை. கிராம சேவையாளர் வந்து விசாரித்தாலும் இந்த மூன்றில் ஒன்றையும் மறுக்க முடியாது. ஆனால் குழி தள்ளிப்போனதற்கும் மாடு வந்ததற்கும் தொடர்பு இல்லை. மாடு பழைய எல்லையில் அடைத்த வேலிக்கும் நின்றிருக்கும்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

1. காட்டப்படும் செய்தி மெய்யாக இருக்கலாம். கெட்டிக்காரத்தனமான பிரிடெக்ஸ்ட் பெரும்பாலும் மெய்ச் செய்தி ஒன்றின் மேல்தான் கட்டப்படுகிறது. பொய் குடியிருப்பது 'அதனால்' என்ற இணைப்பில். 'அ' நடந்தது உண்மை, 'ஆ' செய்யப்பட்டது உண்மை, 'அ நடந்ததால் ஆ செய்யப்பட்டது' என்பது மட்டும் பொய். எனவே 'அ நடந்ததா இல்லையா' என்று மணிக்கணக்காக வாதாடுவது பிரிடெக்ஸ்டைக் காட்டியவருக்கு மிகவும் வசதியான வாதம்.

2. மறைந்த நோக்கம் என்று ஒன்று இருக்க வேண்டும். வெறும் மடத்தனமான காரணம் பிரிடெக்ஸ்ட் ஆகாது. தவறான காரணமும் ஆகாது. ஒருவர் மனமார நம்பித் தவறான காரணம் சொன்னால் அது பிழை, அவ்வளவுதான்.

3. காலம் முன்னோக்கிப் போகிறது. எக்ஸ்கியூஸ் பின்னால் திரும்பிப் பார்க்கும், பிரிடெக்ஸ்ட் அடுத்து நடக்கப்போகும் காரியத்துக்கு வழி திறக்கும்.

நம் பழமொழி இதை எப்போதோ பிடித்துவிட்டது. 'வேலைக்கள்ளிக்குப் பிள்ளைச் சாட்டு' என்கிறோம். பழமொழியில் பிள்ளை பொய்யில்லை. பிள்ளை இருக்கிறது, அழுகிறது, பாலும் கேட்கிறது. வேலை கிடப்பதற்குப் பிள்ளைதான் காரணம் என்பதை மட்டுமே பழமொழி நம்ப மறுக்கிறது. (பிள்ளை வளர்ப்பதும் வேலைதானே என்று யாரும் கேட்காத காலத்துப் பழமொழி என்பது வேறு விஷயம்.)

பக்கத்து வீட்டுச் சொற்கள்

'எக்ஸ்கியூஸ்' இலத்தீன் 'எக்ஸ்', 'கௌஸா' என்ற இரண்டின் சேர்க்கை. குற்றத்திலிருந்து வெளியே எடுத்தல் என்பது வேர்ப்பொருள். அது மெய்யாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். காய்ச்சல் காரணமாகப் பள்ளிக்கு வரவில்லை என்ற கடிதம் மெய்யானாலும் எக்ஸ்கியூஸ்தான். பிரிடெக்ஸ்டுக்கு இந்தச் சலுகை இல்லை. அந்தச் சொல்லை வாயில் எடுத்த கணமே பேசுபவர் 'நான் நம்பவில்லை' என்று சொல்லிவிட்டார். இதனால்தான் 'பொய்யான பிரிடெக்ஸ்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் கூறியது கூறலாகிறது.

'அலிபி' என்றால் இலத்தீனில் 'வேறிடத்தில்'. குற்றம் நடந்த நேரத்தில் தான் அங்கே இல்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் சொல்லும் எதிர்வாதம் அது. பேச்சு ஆங்கிலத்தில் எந்தச் சமாளிப்பையும் அலிபி என்று சொல்லும் வழக்கம் உண்டென்றாலும், நீதிமன்றச் செய்தியில் அப்படி எழுதினால் பொருள் கெடும். அலிபி உண்மையாக இருந்தால் ஆள் நிரபராதி.

'பிரிடென்ஸ்' ஒலியில் கிட்ட இருப்பதால் குழப்பும். அது பாசாங்கு, நடிப்பு. பிரிடெக்ஸ்ட் காரணத்தைப் பற்றியது. பிரிடென்ஸ் தோற்றத்தைப் பற்றியது. 'ரஷனலைசேஷன்' என்பதை 1908 இல் ஏர்னெஸ்ட் ஜோன்ஸ் உளவியலுக்குள் கொண்டுவந்தார். அதில் ஏமாறுபவர் சொல்பவரே.

பாக்கும் பத்து வியாபாரிகளும்

பிரிடெக்ஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இலங்கை வரலாற்றிலேயே நல்ல பாடம் இருக்கிறது. கண்டி இராச்சியத்தின் மேல் பிரித்தானியர் இரண்டு முறை படையெடுத்தார்கள். இரண்டு முறையும் கையில் ஒரு காரணம் இருந்தது.

முதல் முறை பாக்கு. 1802 இல் புத்தளத்து முஸ்லிம் வியாபாரிகளின் பாக்கைக் கண்டி அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். அவர்கள் பிரித்தானியக் குடிகள், நட்டஈடு தேவை என்றார் ஆளுநர் பிரெடரிக் நோர்த். அது வந்து சேராமல் போக, 1803 சனவரியில் படை புறப்பட்டது. பாக்கு மூட்டைகளுக்காக ஓர் அரசைப் பிடிக்கப் போவதாக எவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தப் போரில் பிரித்தானியர் தோற்றுத் திரும்பினார்கள்.

இரண்டாம் முறை காட்டிய காரணம் பாக்கைப் போல அற்பமானதாக இருக்கவில்லை. 1814 இன் பிற்பகுதியில் பிரித்தானியப் பகுதியிலிருந்து போன பத்து வியாபாரிகளை ஒற்றர் என்று பிடித்து, மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் ஆணையின்படி மூக்கும் காதும் கையும் வெட்டினார்கள். பலர் இறந்தார்கள். உயிர்தப்பியவர்கள் அந்தக் கோலத்திலேயே கொழும்புக்கு வந்து சேர்ந்தார்கள். 1815 சனவரியில் ஆளுநர் றொபேட் பிரௌன்றிக் போர்ப் பிரகடனம் செய்தார். பெப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாயக்கர் வம்சத்தின் அந்தக் கடைசி அரசன் 1832 இல் வேலூர்ச் சிறையிருப்பில் இறந்தான்.

வெட்டப்பட்டவர்கள் மெய். கொடுமையும் மெய். ஆனால் பிரித்தானிய அதிகாரி ஜோன் டொயிலி அதற்கு ஆண்டுகள் முன்பிருந்தே கண்டிப் பிரதானிகளோடு இரகசியச் செய்திகள் பரிமாறிக்கொண்டிருந்தார் என்பதை அவருடைய நாட்குறிப்பே காட்டுகிறது. பத்து வியாபாரிகளின் இரத்தத்தைக் கண்டு துடித்து எழுந்த படையென்றால், 1803 இல் பாக்குக்காக எழுந்த படை எது? காரணம் மாறுகிறது, போகுமிடம் மாறவில்லை. பிரிடெக்ஸ்டைக் காட்டிக்கொடுக்கும் தடயங்களில் இதைவிட உறுதியானதை நான் அறியேன்.

சில நேரம் செய்தியே தயாரிக்கப்படுவதும் உண்டு. 1939 ஆகஸ்ட் 31 இரவு ஜெர்மனியின் எல்லையோர ஊரான கிளைவிட்ஸின் வானொலி நிலையத்தைப் போலந்துக்காரர் தாக்கியதாக நாஜிகள் ஒரு நாடகம் போட்டார்கள். மறுநாள் காலை போலந்துக்குள் படை நுழைந்தது. இது முரட்டு வகை. விசாரணை என்று வந்தால் உடைந்துவிடும்.

1983 யூலை நிகழ்வுகளைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லின் நுட்பம் யாழ்ப்பாணத்தவருக்கு நேரடியாக உறைக்கும். யூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடந்த தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். இது மெய்ச் செய்தி. அடுத்த நாள்களில் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 'இராணுவத்தினர் கொல்லப்பட்டதால் ஏற்பட்ட கலவரம்' என்று எழுதுபவர் அந்த 'ஆல்' உருபுக்குள் ஒரு முழு வாதத்தையும் வைத்துவிடுகிறார். கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன என்பது பதிவாகியிருக்கும் செய்தி. ஆத்திரத்தில் தெருவில் இறங்கிய கூட்டத்துக்கு வீட்டு இலக்க வாரியாகப் பட்டியல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழும்போது, காரணம் என்ற சொல் போய் பிரிடெக்ஸ்ட் என்ற சொல் வருகிறது.

நீதிமன்றம் எதைத் தேடுகிறது?

மனத்துக்குள் இருக்கும் நோக்கத்தை நிரூபிப்பது எப்படி? அமெரிக்க உயர் நீதிமன்றம் 1973 இல் மக்டொனல் டக்ளஸ் எதிர் கிறீன் வழக்கில் ஒரு படிமுறை வகுத்தது. விமானம் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று ஆட்குறைப்பில் வேலையிழந்த கறுப்பினத் தொழிலாளி ஒருவரை மீண்டும் சேர்க்க மறுத்தது. அவர் நிறுவனத்துக்கு எதிரான சட்டவிரோதப் போராட்டத்தில் ஈடுபட்டார் என்பது நிறுவனம் சொன்ன காரணம். அவர் ஈடுபட்டதும் உண்மைதான்.

1. பாகுபாடு நடந்திருக்கலாம் என்பதற்கான முதல்தோற்றச் சான்றைத் தொழிலாளி காட்ட வேண்டும்.
2. நிறுவனம் நியாயமான காரணம் ஒன்றை முன்வைக்க வேண்டும்.
3. அந்தக் காரணம் பிரிடெக்ஸ்ட் என்று காட்டத் தொழிலாளிக்கு வாய்ப்புத் தர வேண்டும்.

மூன்றாம் படியில் நீதிமன்றம் சுட்டிய சான்று வகை முக்கியமானது: அதே அளவு தவறு செய்த வெள்ளையர்களை நிறுவனம் மீண்டும் சேர்த்துக்கொண்டதா? மனத்தைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. அதே காரணம் மற்றவர்மேல் பாய்ந்ததா என்று பார்த்தால் போதும்.

எல்லா வழக்கிலும் பிரிடெக்ஸ்ட் தோற்பதில்லை. 1996 இல் வ்ரென் வழக்கில் அதே நீதிமன்றம், போக்குவரத்து விதி மெய்யாகவே மீறப்பட்டிருந்தால் பொலிஸார் வாகனத்தை நிறுத்தியது செல்லும், அவர்களின் உள்நோக்கம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஏகமனதாகச் சொன்னது. ஹெல்மெட் வார் மாட்டவில்லை என்று மறித்துவிட்டு, நேற்றைய நினைவேந்தலுக்கு யார் யார் வந்தார்கள் என்று விசாரிக்கும் காட்சியை நினைத்துக்கொண்டால் இந்தத் தீர்ப்பின் கனம் விளங்கும். வார் மாட்டாததும் மெய்தானே.

ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 18 ஆம் உறுப்புரை வேறு பாதையில் போகிறது. உரிமைகளைக் கட்டுப்படுத்த அனுமதிக்கப்பட்ட நோக்கம் ஒன்றைக் காட்டி வேறு நோக்கத்துக்காகக் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது அது. ஜோர்ஜியாவின் முன்னாள் பிரதமர் மெரபிஷ்விலி தொடர்பான 2017 தீர்ப்பில் ஐரோப்பிய நீதிமன்றம், அவரைத் தடுத்துவைத்ததன் முதன்மை நோக்கம் இடையில் மாறிவிட்டது என்று கண்டது. நேர்மையான காரணம்கூட நாளடைவில் பிரிடெக்ஸ்டாகப் பழுக்கலாம் என்பதே இதன் பொருள்.

இந்தச் சமவாயம் இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தத் தர்க்கம் இங்குள்ள காணிப் பிரச்சினையைப் புரிந்துகொள்ள உதவும். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது அங்கே போர் நடந்தது. 2009 இல் போர் முடிந்தது. 2013 இல் 6,381 ஏக்கர் காணியைப் பொதுத் தேவைக்காகச் சுவீகரிக்கும் அறிவித்தல் வந்தது. போர்க்காலத்தில் பாதுகாப்பு என்பது காரணமாக இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்பவர்கூட, நான்கு ஆண்டுகள் கழித்தும் அதே சொல் அதே வேலையைச் செய்கிறதா என்று கேட்டார்கள்.

தொலைபேசியில் வரும் பிரிடெக்ஸ்ட்

அண்மைக் காலத்தில் இந்தச் சொல்லுக்கு வினை வடிவமும் வந்திருக்கிறது: 'பிரிடெக்ஸ்டிங்'. ஆள் மாறாட்டக் கதை ஒன்றைக் கட்டித் தகவல் பிடுங்குவது. அமெரிக்காவில் நிதித் தகவலை இப்படி எடுப்பதை 1999 இன் கிராம்-லீச்-பிளைலி சட்டம் தடுத்தது. 2006 இல் ஹியூலட்-பக்காட் நிறுவனம் அமர்த்திய துப்பறிவாளர்கள், பணிப்பாளர்களும் பத்திரிகையாளர்களும் தாங்களே என்று நடித்துத் தொலைபேசிப் பதிவுகளை எடுத்தது அம்பலமானபோது சொல் பரவலாயிற்று. லண்டனிலிருந்து வந்த பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, கட்டணம் கட்டுங்கள் என்று வரும் அழைப்பு இந்த இனம். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பார்சல் என்ற சொல் சந்தேகத்தை எழுப்புவதில்லை. கதை கட்டுபவருக்கு அது தெரியும்.

தமிழில் எழுதும்போது

1. 'காரணமாக', 'காரணங்களுக்காக', 'முன்னிட்டு' மூன்றும் கூடாது. இவை பேசுபவரின் நம்பிக்கையைக் காட்டுகின்றன.

2. 'என்ற சாட்டில்' நேரான சொல். பேச்சுவழக்கு என்று ஒதுக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டு வாசகருக்கும் எழுதுவதாயின் 'என்று சாக்குக் காட்டி'.

3. 'என்ற போர்வையில்' இலத்தீன் உருவகத்துக்கு மிகக் கிட்டியது. அதுவும் நெய்த துணிதானே. ஆனால் நம் பத்திரிகைகள் இதை அடித்துத் துவைத்துவிட்டன. அபிவிருத்தி என்ற போர்வையில், தொல்லியல் என்ற போர்வையில், நல்லிணக்கம் என்ற போர்வையில் என்று ஒரே பக்கத்தில் மூன்று தலைப்பு வந்தால் வாசகர் எதையும் போர்த்திக்கொள்ள மாட்டார். போர்வை என்று எழுதும் செய்தியாளர் உள்ளே கிடப்பது என்ன என்றும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது வசவு.

4. 'நொண்டிச்சாட்டு' எக்ஸ்கியூஸுக்கு உரியது. கேட்டவுடன் நொண்டுவது தெரியும். நல்ல பிரிடெக்ஸ்ட் நொண்டாது, நிமிர்ந்து நடக்கும்.

5. யார் அப்படிச் சொல்கிறார் என்பதை விடக் கூடாது. அறிக்கை சொன்னதைச் செய்தியாளர் தன் கூற்றாக்கினால் அதுவும் பிழைதான். முதலில் பார்த்த மாதிரி வசனத்தை இப்படி எழுதலாம்: "பாதுகாப்பைச் சாட்டாக வைத்துப் பொதுக்கூட்டம் தடுக்கப்பட்டதாக அறிக்கை கூறுகிறது."